ராக் அண்ட் ரோல் எல்விஸ் பிரெஸ்லியிடம்தான் தொடங்கியதா?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கிட்டார் கற்றுக்கொள்கிறாள், பள்ளியில் ராக் அண்ட் ரோல் வரலாறு பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், எல்விஸிலிருந்து ஆரம்பித்தால் சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவர் அவர். கையில் கிட்டார் வைத்திருக்கும் ஒரு பெண்பிள்ளை அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் வளரக் கூடாது. அதற்காகத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இசை ஆராய்ச்சியாளர் இல்லை, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்விஸ் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவர் குரல் எனக்கும் பிடிக்கும். ஒரே ஆள் உட்கார்ந்து கண்டுபிடித்த இசை இது என்று நான் சொல்ல வரவும் இல்லை. ஆனால் 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரத்து சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பதிவு செய்த முதல் இசைத்தட்டில் இருந்ததே ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினக் கலைஞர் 1946-ல் பாடி வைத்த பாட்டுதான். எல்விஸே பிறகு க்ரூடப்பின் பெயரை மரியாதையோடு சொல்லியிருக்கிறார். அதனால் கீழே சண்டைக்கு வருபவர்கள் என்னோடு மோத வேண்டாம்.

சரி, இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஏன் வலித்தது என்று சொல்கிறேன்.

எனக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். எங்களுடையது சின்னப் பெந்தெகொஸ்தே சபை. தகரக் கூரை, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் முக்காடு போட்ட பெண்கள், எல்லாருக்கும் பாய். சித்தப்பா மும்பைக்கு வேலைக்குப் போனபோது தன் கிட்டாரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அம்மாவின் பழைய சேலையில் தைத்த உறை, துருப்பிடித்த கம்பிகள். வாசித்து முடித்தால் விரல் நுனியில் இரும்பு வாசம் அடிக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. நோட்டில் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்து டி, ஜி, ஏ என்று மூன்று கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பழகினேன். அந்த மூன்றை வைத்துக்கொண்டு எங்கள் சபையில் பாடுகிற பாட்டில் பாதியை வாசித்துவிடலாம்.

1996-ல் எனக்கு 15 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகக் கிட்டார் வாசிக்கும் அண்ணனுக்குக் காய்ச்சல். நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கிட்டாரை எடுத்து வந்து, பெண்கள் பக்கத்தில் சுவரோரம் நின்று வாசித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் கைதட்டல் எங்கே விழுகிறதோ அங்கே என் கை தானாக ஓங்கி இறங்கியது. மூன்றாவது பாட்டில் வயதான பாட்டிமார் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அப்புறம் ரொம்ப நாளைக்குக் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர் ஒருவர் அப்பாவிடம் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "பிரதர், பொம்பளப்பிள்ள எல்லார் முன்னாலயும் கிட்டாரத் தூக்கிட்டு நிக்கது நல்ல சாட்சியா இல்ல. அதுவும் அந்த மாதிரி தட்டி வாசிக்கது ராக் மியூசிக். அது உலகத்துப் பாட்டு" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அன்று மாலையே கிட்டார் பரணுக்குப் போனது. 150-ஆம் சங்கீதத்தில் தம்புரும் நடனமும் வருகிறதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினைந்து வயதில் யாருக்கு வரும்?

பன்னிரண்டு வருடம் கழித்துச் சென்னையில் வேலை பார்க்கும்போது, கூட இருந்த ஒரு தோழி கம்ப்யூட்டரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோ காட்டினாள். 1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். கிரனாடா டிவிக்காரர்கள் ஒரு பிளாட்பாரத்தை அமெரிக்கத் தெற்குப் பக்கத்து ஸ்டேஷன் போலப் பெட்டியும் மூட்டையுமாக அலங்கரித்து மேடையாக்கியிருந்தார்கள். எதிர் பிளாட்பாரத்தில் இளவட்டக் கூட்டம். அன்றைக்குப் பார்த்து மழை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் ஒரு பெண்மணி. கிட்டத்தட்ட ஐம்பது வயது, மேலே நீளக் கோட்டு. ஈரப் பிளாட்பாரத்தில் நடந்து வந்து, வெள்ளை நிற கிப்ஸன் மின்கிட்டாரைத் தோளில் மாட்டுகிறார். மழைக்குப் பொருத்தமாகவே முதல் பாட்டு, நோவா காலத்து மழையைப் பற்றிய சுவிசேஷப் பாட்டு. நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டு, ஒற்றைக் கம்பியில் ஒரு சுற்று வாசிப்பார் பாருங்கள். கை மேலேயும் கீழேயும் பறக்கிறது, முகத்தில் சிரிப்பு. எதிர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

நான் அழுதுவிட்டேன். தோழிக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தப் பெண்மணிதான் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். அன்று ராத்திரியே இவர் யார் என்று தேடிப் படித்தேன். 1915-ல் ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். அம்மா கேட்டி பெல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்து பாடியவர், மாண்டலின் வாசிப்பவர். அவர்கள் சபையும் பெந்தெகொஸ்தே சபைதான், சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட். மகளைச் சின்ன வயதிலேயே சபைகளில் கிட்டாரோடு நிற்க வைத்துப் பாடவிட்டார் அந்த அம்மா. ரொசெட்டா முதலில் கட்டிக்கொண்டது தாமஸ் தார்ப் என்ற பிரசங்கியாரை. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை, பெயர் மட்டும் மேடைப் பெயராக எழுத்து மாறி ஒட்டிக்கொண்டது. 1938-ல் நியூயார்க் காட்டன் கிளப்பில் பாடினார், டெக்கா கம்பெனிக்கு இசைத்தட்டு கொடுத்தார், அதே டிசம்பரில் கார்னகி ஹால் மேடையும் ஏறினார். கிளப்பில் பாடியதற்குச் சபைக்காரர்கள் பலர் அவரைக் குறை சொன்னார்கள். அந்த வரியைப் படித்ததும் எங்கள் சபைப் பெரியவரின் குரல் அப்படியே காதில் கேட்டது.

1944-ல் சாமி பிரைஸ் என்பவரின் பியானோவோடு அவர் பதிவு செய்த "ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே" என்ற சுவிசேஷப் பாட்டை உங்கள் மகள் கட்டாயம் கேட்க வேண்டும். 1945-ல் அது பில்போர்டு பத்திரிகையின் "ரேஸ்" (இனம்) பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. கறுப்பின மக்கள் வாங்கும் தட்டுகளுக்கு அப்போது அப்படித்தான் பெயர். 1949-ல் வெட்கப்பட்டு அதை "ரிதம் அண்ட் புளூஸ்" என்று மாற்றினார்கள். அந்தப் பாட்டில் இடது கையால் உருட்டி ஓடும் பூகி வூகி பியானோ, அதன் மேல் மின்கிட்டாரின் வெட்டு, சாட்சி சொல்வது போன்ற பாட்டு. அதைப் பதிவு செய்தபோது எல்விஸுக்கு 9 வயது.

தாளத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான்கு தட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் அழுத்தம். கறுப்பினச் சபைகளில் கைதட்டுவது அங்கேதான். பிற்காலத்தில் ராக் அண்ட் ரோல் டிரம்ஸில் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் அடி விழுவதும் அங்கேதான். எங்கள் தகரக் கூரைச் சபையில் 15 வயதில் என் கை இறங்கியதும் அதே இடத்தில்தான். "உலகத்துப் பாட்டு" என்று பெரியவர் சொன்னாரே, அந்தத் தாளம் சபையிலிருந்துதான் உலகத்துக்குப் போனது! இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

1947-ல் ஜார்ஜியா மாநிலம் மேகன் ஊரில் கச்சேரிக்கு முன்னால் ஒரு 14 வயதுப் பையன் தன் பாட்டைப் பாடுவதை ரொசெட்டா கேட்டார். அவனை அன்றே மேடையேற்றிப் பாடவைத்துக் கையில் காசும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையை இப்படியும் நடத்தலாம்.

ரொசெட்டா ஒருவரே எல்லாம் என்று சொல்லவில்லை என்று முன்பே சொன்னேன். தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு லட்சக்கணக்கில் கறுப்பின மக்கள் வேலை தேடிப் போனபோது புளூஸ் என்ற அவர்களுடைய கிராமத்து இசையும் கூடவே போய், நகரத்துச் சத்தத்தில் கேட்க வேண்டி மின்கிட்டாருக்கு மாறியது. 1949-ல் நியூ ஆர்லியன்ஸில் ஃபேட்ஸ் டாமினோ தன் முதல் தட்டைப் பதிவு செய்தார். 1951-ல் மெம்பிஸில் ஐக் டர்னர் குழு "ராக்கெட் 88" பாட்டைப் பதிவு செய்ய வந்தபோது கிட்டாரின் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் வழியிலேயே கெட்டுப்போனது, ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள், அந்தக் கரகரப்புதான் பாட்டுக்கே அழகானது என்பார்கள். அதே ஆண்டில்தான் கிளீவ்லேண்ட் வானொலியில் ஆலன் ஃப்ரீட் இந்தத் தட்டுகளைப் போட ஆரம்பித்தார். "ராக் அண்ட் ரோல்" என்ற பெயரை ஊரெல்லாம் பரப்பியவர் அவர். வார்த்தை பழையது, கறுப்பினப் பாடல்களில் முன்பே இருந்தது. கறுப்பினக் கிட்டார் கலைஞரும் பாடகருமான சக் பெரியின் முதல் ஹிட்டான 1955-ஆம் வருடத்து "மேபெலின்" பாட்டில் எழுதியவர்களில் ஒருவராக இதே ஃப்ரீட்டின் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. சக் பெரி தன் பாட்டைத் தன் பெயருக்கு மட்டும் மீட்க 1986 ஆனது.

அப்புறம் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. எல்விஸின் பாட்டு என்று எல்லாரும் நினைக்கும் "ஹவுண்ட் டாக்" 1952-ல் இவர் பாடியது. 1953-ல் ஏழு வாரம் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம். எல்விஸ் பாடியது 1956-ல். தார்ன்டனுக்கு அதில் கிடைத்த பணம் சொற்பம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், நான் எதுவும் சொல்ல வேண்டாம்.

அமெரிக்காவில் இந்த இசைக் கலைஞர்களைக் கௌரவிக்க ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்று ஒன்று இருக்கிறது. 1986-ல் முதல் வரிசைக் கலைஞர்களாகப் பத்து பெயரைச் சேர்த்தார்கள். ஒரு பெண் கூட இல்லை. ரொசெட்டா 1973-ல் ஃபிலடெல்பியாவில் இறந்தார். பல வருடம் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கூட இல்லாமல் கிடந்தது. ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2018-ல். பெண்ணியம் பேச வந்துவிட்டாள் என்று யாராவது எழுதுவீர்கள், எழுதுங்கள். நான் வருடத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தப் பள்ளிகள் பிள்ளைகளிடம் கொடுக்கும் புராஜெக்ட்டை முக்கால்வாசி அம்மாக்கள்தான் செய்கிறோம். என் மகனுக்குப் போன மாதம் ஒன்பதரை மணிக்குச் சொல்லி மறுநாள் காலை சூரிய மண்டலம் வேண்டுமாம். தெர்மகோலுக்கும் கலர் பிரிண்டுக்கும் மூன்று கடை அலைந்தேன். பிள்ளை தூங்கிவிட்டான், நான் சனி கிரகத்துக்கு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை தானே யோசித்துப் பேசட்டும் என்று எந்த ஆசிரியராவது சொன்னால் அவர் இருக்கும் திசைக்குக் கும்பிடு போடுவேன். உங்கள் மகளின் பள்ளி பேசச் சொல்லியிருக்கிறது, அந்த வகையில் நல்ல பள்ளி. எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

போன வருடம் ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு அந்த மான்செஸ்டர் வீடியோவைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். "யாருட்டீ இது? நம்ம சபைப் பாட்டு மாதியே இருக்கு. அவியள ஒண்ணும் சொல்லலியா?" என்றார். சொன்னார்களாம் அம்மா, ஆனால் அவர்கள் அம்மாவே மாண்டலின் வாசித்தவர், அவர்தான் மகளை வாசிக்கவிட்டது என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னார். சாயங்காலம் நான் தூங்கி எழுந்து பார்த்தால் பரணிலிருந்து கிட்டார் கீழே இறங்கியிருக்கிறது, அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். கழுத்து வளைந்துபோய் இனி வாசிக்க முடியாத கிட்டார். நான் வாங்கின மின்கிட்டார் சென்னையில் இருக்கிறது. ஆனாலும் துடைத்த கிட்டாரை ஹாலில் அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

உங்கள் மகளுக்கு இருப்பது பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் பேச்சே வேண்டாம், 1944-ஆம் வருடத்துப் பாட்டைப் போட்டு வகுப்பையே இரண்டு, நான்கில் கைதட்ட வைக்கட்டும். அடுத்து லிட்டில் ரிச்சர்ட் மேடையேறிய கதை, பிறகு தார்ன்டன், சக் பெரி. எல்விஸுக்குக் கடைசி ஒரு நிமிடம் போதும், அவரைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. கிட்டாரை வகுப்புக்கு எடுத்துப் போக அனுமதி கிடைத்தால் ஏ, டி, ஈ என்ற மூன்று கார்டில் பன்னிரண்டு பார் (பார் என்றால் நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று) புளூஸ் வாசித்துக் காட்டலாம். ஒரு வாரத்தில் பழகிவிடலாம். எந்த பாரில் எந்த கார்டு என்று தெரியாவிட்டால் கீழே கேளுங்கள், நாளைக்கு எழுதிப் போடுகிறேன்.