கடைசியாகக் குதிப்பவர் எந்தப் பக்கம் திரும்புகிறார்?

விமானத்திலிருந்து குதித்துப் பாராசூட் குடையில் இறங்கும் ஸ்கைடைவிங் பற்றித் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இரண்டு சித்தூரிலிருந்தும் கடிதம் வந்திருப்பதால் எந்தச் சித்தூர் என்பதையும் கூடவே போட்டுவிட்டோம்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: துபாயில் வேலை பார்க்கும் என் மகன், பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் ஸ்கைடைவிங்குக்குப் பணம் கட்டியிருக்கிறான். அவன் அனுப்பிய வீடியோவில், அதே விமானத்தில் வௌவால் மாதிரி உடுப்பு மாட்டிக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இவன்மேல் வந்து மோதிவிட மாட்டார்களா? யார் முதலில் குதிப்பார்கள்?

உங்கள் மகன்தான் முதலில் குதிப்பார். வௌவால் உடுப்புக்காரர்கள் அவருக்குப் பின்னால்.

அந்த உடுப்புக்குப் பெயர் விங்சூட். கைக்கும் விலாவுக்கும் நடுவிலும், இரண்டு காலுக்கு நடுவிலும் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். காற்று உள்ளே புகுந்ததும் துணி உப்பி இறக்கையாகிவிடும். சாதாரணமாகக் குப்புற விழுகிறவர் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் கீழே போவார். டேண்டமில் இரண்டு பேர் எடை இருப்பதால் இன்னும் வேகமாக விழ வேண்டும். ஆனால் பயிற்றுநர் குதித்த சில விநாடிகளில் டிரோக் என்ற சின்னக் குடையைப் பின்னால் விட்டு, அதே 190-க்குக் கொண்டுவந்துவிடுவார். விங்சூட்காரரோ கீழ்நோக்கி 70 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில்தான் இறங்குவார். அந்த நேரத்தில் முன்னோக்கி அதைவிட அதிக வேகத்தில் பறந்துகொண்டும் இருப்பார்.

மெதுவாக இறங்குகிறவரை முதலில் விட்டால், பின்னால் குதிக்கும் அத்தனை பேரும் அவர் உயரத்தைக் கடந்துதான் கீழே விழ வேண்டும். அதனால்தான் அவர் கடைசி. பெரும்பாலான இடங்களில் வரிசை இதுதான்: குப்புற விழும் பெரிய குழு, சின்னக் குழு, தனி ஆள், பிறகு தலைகீழாகவோ உட்கார்ந்த நிலையிலோ விழுகிறவர்கள், பிறகு பயிற்சி மாணவர்கள், பிறகு டேண்டம், எல்லாருக்கும் பின்னால் விங்சூட்.

ஆந்திரச் சித்தூர், பொறியியல் மாணவர்: தலைகீழாக விழுகிறவர்தான் வேகமானவர். வேகமானவரை முதலில் அனுப்பினால் பின்னால் வருகிறவருக்கு வழி விட்டதுபோல் ஆகாதா? குப்புற விழுகிறவரை ஏன் முதலில் விடுகிறார்கள்? எத்தனை விநாடி இடைவெளி?

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறத்திலிருந்து ஒன்றாகத்தான் விழுகின்றன. மணி காலடியில் குவியும், பதர் தள்ளிப்போய் விழும். மெதுவாக விழுவதைக் காற்று அதிக நேரம் பிடித்துத் தள்ளுகிறது. இங்கேயும் கணக்கு அதுதான்.

13,000 அடியிலிருந்து 4,000 அடிக்கு வரக் குப்புற விழுகிறவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். தலைகீழாக விழுகிறவர் 40, 45 விநாடியில் வந்துவிடுவார். மேலே சராசரியாக 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 42 அடி. அந்த 15 விநாடி வித்தியாசத்திலேயே குப்புற விழுகிறவர் 600 அடிக்கு மேல் கூடுதலாக அடித்துச் செல்லப்படுவார். விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் ஆட்களை இறக்கிக்கொண்டு போகும். பதர் முதலில் குதித்தால், தள்ளப்படுவது பின்பக்கம், ஆளில்லாத பக்கம். மணியை முதலில் விட்டுப் பதரைப் பின்னால் விட்டால், பதர் காற்றோடு திரும்பி வந்து மணியின் தலைமேல் குடை விரிக்கும்.

இடைவெளியை விநாடியில் மனப்பாடம் செய்யாதீர்கள், அடியில் யோசியுங்கள். தனி ஆட்களுக்கு நடுவே 1,000 அடி, குழுக்களுக்கு நடுவே 1,500 அடி என்பது பரவலான குறைந்தபட்ச அளவு. விமானம் தரையைக் கடக்கும் வேகத்தை நாட் அளவில் கேட்டு 1.7-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை அடி என்று கிடைத்துவிடும். 90 நாட் என்றால் விநாடிக்குச் சுமார் 150 அடி. 1,000 அடிக்கு 7 விநாடி, 1,500 அடிக்கு 10 விநாடி. எதிர்காற்று 30 நாட் அடித்து வேகம் 60-ஆகக் குறைந்தால் அதே தூரத்துக்கு 10, 15 விநாடி வேண்டும். காற்று கூடின நாளில் எல்லாருக்கும் கதவைத் தாண்டும் அவசரம் வரும். இடைவெளி கூட வேண்டிய நாளும் அதுதான்.

கதவிலிருந்து பார்க்க, முன்னால் குதித்தவர் 45 டிகிரி கோணத்துக்குப் போனதும் குதிக்கலாம் என்று சில பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். அந்தக் கோணத்துக்கும் விமானத்தின் தரை வேகத்துக்கும் தொடர்பே இல்லை. விட்டுத்தள்ளுங்கள்.

தரையில் காற்றின் திசை காட்டக் கட்டிய காற்றுப்பையைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. பாலக்காட்டுக் கணவாயில் அம்மியைத் தூக்கும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும். கஞ்சிக்கோட்டுக் காற்றாலை எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அது அந்த உயரத்துக் காற்று மட்டும்தான். 10,000 அடியில் வேறு திசை, வேறு வேகம் இருக்கலாம். 3,000, 6,000, 9,000, 12,000 அடி என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

வேலந்தாவளம் வாசகர்: விங்சூட்காரர் டேண்டமுக்குப் பின்னால் குதிக்கிறார், இறங்குவதும் மெதுவாக. அப்படியானால் இருவருக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டேதானே போகும்? பாதையைத் தனியாக வரைய வேண்டும் என்கிறார்களே, எதற்கு?

இந்த முறை வந்த கேள்விகளிலேயே சரியான இடத்தைத் தொட்டது இதுதான். இடைவெளி கூடுவது டேண்டமின் குடை விரியும் வரைதான். அதன் பிறகு கதை தலைகீழ்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13,000 அடியில் குதித்த டேண்டம் ஜோடி 5,500 அடியில் குடையை இழுக்கச் சுமார் 45 விநாடி. குடை முழுதாக விரிந்து நிற்கும்போது உயரம் ஏறக்குறைய 5,000. அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஆயிரம் அடி வீதம் ஆடி அசைந்து இறங்குவார்கள். விங்சூட்காரர் 15 விநாடி கழித்துக் குதித்து, விநாடிக்கு 80 அடி இறங்குகிறார் என்றால், 8,000 அடி இறங்க 100 விநாடி. ஆக, டேண்டம் குதித்து 115 விநாடி ஆகும்போது அவர் 5,000 அடியில். டேண்டம் அப்போது 4,000 அடிக்குப் பக்கத்தில். நடுவில் ஆயிரம் அடிதான். விங்சூட்காரரும் குடையை இழுத்து அது விரிவதற்குள் அதிலும் பெரும்பகுதி போய்விடும். காற்றில் இருந்த நேரமெல்லாம் மேலே கீழே என்று பிரிந்திருந்தவர்கள், குடை விரியும் நேரத்தில் ஒரே மாடிக்கு வந்து நிற்கிறார்கள்.

இனி பக்கவாட்டைப் பாருங்கள். சுமாரான விங்சூட்காரரே ஒரு அடி இறங்க இரண்டு அடி முன்னால் போவார். 8,000 அடி இறக்கத்துக்கு 16,000 அடி, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். விமானம் ஆட்களை இறக்கிய கோடு முழுவதையும் சேர்த்தாலே பல நாளில் 3 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கடைசியாகக் குதித்தவர் இறங்குதளத்தை நோக்கி அப்படியே திரும்பி, வந்த கோட்டிலேயே பறந்தால், முன்னால் குதித்தவர்களின் குடைகள் ஒன்று பாக்கியில்லாமல் அவர் பாதையில் வரும். அதுவும் கிடைமட்டத்தில் மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில்.

டேண்டம் பயிற்றுநர் பார்த்து விலகிக்கொள்வாரா என்றால், முடியாது. அவர் தலைக்கு மேல் 350 சதுர அடி அளவுக்குத் துணி விரிந்திருக்கிறது, மேலே இருப்பது தெரியாது. பெரிய குடை, திரும்புவதும் மெதுவாக. அவர் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றாலும் ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார்.

அதனால் பிரிக்க வேண்டியது பாதையை. விங்சூட்காரர் குதித்து, பறக்கத் தொடங்கி நிலைபெற்றதும் விமானக் கோட்டிலிருந்து 90 டிகிரி ஒரு பக்கம் திரும்ப வேண்டும். குறைந்தது 800 மீட்டர், முடிந்தால் ஒரு கிலோமீட்டர் விலகிப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்னொரு 90 டிகிரி திரும்பி, விமானக் கோட்டுக்கு இணையாக இறங்குதளம் இருக்கும் பக்கம் வர வேண்டும். குடையையும் அந்த ஓரத்திலேயே விரிக்க வேண்டும், கோட்டை நோக்கி உள்ளே வந்து விரிக்கக் கூடாது. பக்கக்காற்று கோட்டை நோக்கித் தள்ளும் நாளில் அந்த ஒரு கிலோமீட்டர் தானாகவே கரையும். அன்றைக்கு இன்னும் அகலமாகப் போக வேண்டும். இரண்டு விங்சூட் குழு இருந்தால் ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். இதைத் தரையிலேயே செயற்கைக்கோள் படத்தில் விரல் வைத்துப் பேசி முடித்துவிட வேண்டும். மேலே போய் "பார்த்துக்கலாம்" என்பது இந்த விளையாட்டில் மிக ஆபத்தான சொல்.

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதி, குடையில் இறங்கும் டேண்டமுக்கும் மாணவருக்கும் 500 அடிக்குள் விங்சூட் வரக் கூடாது என்கிறது, மேல்கீழாகவும் சரி, பக்கவாட்டிலும் சரி. 500 அடி என்றால் சுமார் 150 மீட்டர். அந்த வேகத்துக்கு நான்கு விநாடிகூட இல்லை. 500 அடி கடைசி வேலி. அதைக் குறி வைத்துப் பறப்பவரை நாங்கள் விமானத்தில் ஏற்ற மாட்டோம்.

குப்பம் வாசகர்: வெளிநாட்டில் உரிமம் வாங்கி 180 முறை குதித்திருக்கிறேன். விங்சூட் வாடகைக்குக் கிடைக்கிறது. டேண்டம் இருக்கும் விமானத்தில் குதிக்கும்போது நான் கவனிக்க வேண்டியது என்ன?

முதலில் இன்னும் 20. அதே சங்கத்தின் விதிப்படி 200 குதிப்புக்குக் குறைந்தவர் விங்சூட் போடக் கூடாது. 200 ஆனதும் பயிற்றுநரோடு முதல் பறப்பு வகுப்பை முடியுங்கள். உடுப்பு கிடைக்கிறது என்பது காரணமாகாது.

உடுப்பு மாட்டும்போது குடைப்பையின் தொடை வாரை முதலில் பாருங்கள். ஜிப்பை இழுத்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது, இறக்கைத் துணி இறுக்கிப் பிடித்திருப்பதால் வார் மாட்டாததும் உடம்புக்கு உறைக்காது. இப்படி மறந்து உயிர் விட்டவர்கள் உண்டு. ஜிப் போடும் முன் ஒரு முறை, விமானத்தில் எழுந்து நிற்கும்போது கையால் அழுத்தி இன்னொரு முறை.

கதவில் நின்றதும் உடனே போய்விடாதீர்கள். டேண்டம் போன திசையில் கீழே பாருங்கள். சில சமயம் பெரிய குடை நேரத்துக்கு முன்பே விரிந்துவிடும். அப்படி ஆனால் உங்கள் உயரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டேண்டம் மிதந்துகொண்டிருக்கும். நீங்கள் போட்டு வைத்த கணக்கு எதுவும் அன்றைக்குச் செல்லாது. விமானிக்குச் சொல்லி இன்னொரு சுற்று கேளுங்கள். பயணி கதவில் பயந்து நின்று நேரம் போய்விட்டாலும் அதேதான். தளத்திலிருந்து தள்ளிப்போன பிறகு குதிக்கும் விங்சூட்காரர் அகலமாகச் சுற்றத் தயங்குவார், குறுக்குவழி தேடுவார்.

குதிக்கும்போது இறக்கையை மூடியே வையுங்கள், இரண்டு மூன்று விநாடி. கதவிலேயே விரித்தால் காற்று உங்களைத் தூக்கி விமானத்தின் வாலில் அறையும். விமானியிடம் எஞ்சின் விசையைக் குறைக்கவும், மேலேறாமல் மட்டமாக ஓட்டவும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தானியங்கிக் கருவியை நம்பிவிடாதீர்கள். வழக்கமான சைப்ரஸ் கருவி, மாற்றுக் குடையைத் தானே திறக்க விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தை எதிர்பார்க்கும். நன்றாகப் பறக்கும் விங்சூட் அந்த வேகத்தைத் தொடவே தொடாது. நினைவு தப்பினாலும் இறக்கை விரிந்தே இருந்தால் கருவி சும்மா இருந்துவிடக்கூடும். ஆரம்பத்தில் 5,500 அடியிலேயே இழுத்துவிடுங்கள். இழுக்கும்போது இரண்டு கையும் ஒன்றாக உள்ளே வரட்டும். ஒரு கை மட்டும் வந்தால் உடம்பு சாய்ந்து குடைக் கயிறு முறுக்கிக்கொள்ளும்.

கஞ்சிக்கோடு வாசகர்: எல்லாரும் குதித்த பிறகு விமானத்தால் ஆபத்து உண்டா?

உண்டு, முக்கியமாக விங்சூட்காரருக்கு. மற்றவர்கள் அதற்குள் வெகு கீழே போயிருப்பார்கள். விங்சூட்காரர் மெதுவாக இறங்கியபடி, விமானத்தின் திசையிலேயே பறந்துகொண்டிருப்பார். காலி விமானம் மூக்கைக் கவிழ்த்து அவரைவிட வேகமாக இறங்கும். 2018-இல் பிரான்சில், குதித்துச் சுமார் 20 விநாடி ஆன விங்சூட்காரர் ஒருவர்மீது அவர் குதித்த அதே விமானத்தின் இறக்கைப் பகுதி மோதி அவர் இறந்தார். விமானிக்கு நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. விங்சூட் இடப்பக்கம் திரும்பினால் விமானம் வலப்பக்கம் இறங்க வேண்டும். அதை ஏறுவதற்கு முன்பே விமானியும் அவர்களும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

பாலக்காட்டுச் சித்தூர் வாசகர்: டேண்டம் பயணியாகப் போகிறவர் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது. பயிற்றுநரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். இந்த விமானத்தில் விங்சூட் இருக்கிறதா? இருந்தால் அவர்கள் இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்புகிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு யோசிக்காமல் "இடது" என்றோ "வலது" என்றோ பதில் வந்தால், அங்கே பேசிவிட்டுத்தான் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். மழுப்பினால் அடுத்த விமானத்தில் இடம் கேளுங்கள். அப்படிக் கேட்கிற பயணியின்மேல் எந்த நல்ல பயிற்றுநரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.