குறி தப்பியிருந்தால்?

கேள்வி: சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட இளைஞனின் குறி தப்பியிருந்தால் முதல் உலகப்போரே வந்திருக்காது அல்லவா? அதுவும் ஐரோப்பியர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. நமக்கு அதில் என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. 'உடனடிக் காரணம்: இளவரசர் கொலை' என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அந்த ஒரு வரி, பதில் சொல்லியிருக்க வேண்டிய பெரிய மனிதர்கள் பலரைத் தப்ப விட்டுவிடுகிறது.

கவ்ரிலோ பிரின்சிப் சுட்டது 1914 ஜூன் 28. பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. நடுவில் 37 நாள். அந்த நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

கொலையான ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், செர்பியாவோடு போர் வேண்டாம் என்று வியன்னாவில் தடுத்து வந்தவர். படைத் தலைவர் கான்ராட் என்பவரோ அந்தப் போரைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். தடுத்தவர் போனார், கேட்டவருக்குச் சாக்குக் கிடைத்தது. ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம், நீங்கள் என்ன செய்தாலும் துணை நிற்கிறேன் என்று ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தார். மறுநாளே நார்வே பக்கம் கப்பல் பயணம் கிளம்பிவிட்டார்.

கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகச் சொன்ன ஆஸ்திரியா, ஆத்திரத்தில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பாயவில்லை. பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரே அப்போது ரஷ்யாவில் விருந்தாளி. அவர் அங்கே இருக்கும்போது கெடு வைத்தால், செர்பியாவை ஆதரித்த ரஷ்யாவும் அதன் கூட்டாளியான பிரான்ஸும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்துவிடுமே! அதனால் அவர் கப்பலேறும் வரை காத்திருந்து, ஜூலை 23 மாலை செர்பியாவிடம் இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார்கள். பதில் சொல்ல 48 மணி நேரம். நாளும் நேரமும் பார்த்துச் செய்த காரியத்தை விபத்து என்று எப்படிச் சொல்வது?

செர்பியா ஏறக்குறைய எல்லா நிபந்தனைகளுக்கும் இணங்கியது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் வந்து புலன்விசாரணை செய்வதைத்தான் ஏற்கவில்லை. அந்தப் பதிலை ஜூலை 28 காலை படித்த வில்ஹெல்மே, இனிப் போருக்குக் காரணம் எதுவும் இல்லை என்று எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. இந்த ஒரு நாளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

அப்புறம் ரஷ்யா. ஜார் நிக்கோலஸ் ஜூலை 29-இல் முழுப் படையையும் திரட்ட உத்தரவிட்டார், வில்ஹெல்மின் தந்தி வந்ததும் அதை நிறுத்தினார், மறுநாள் அமைச்சரும் தளபதிகளும் நெருக்கியதும் மறுபடி உத்தரவிட்டார். ஆகஸ்ட் 1-இல் வில்ஹெல்முக்கும் தயக்கம் வந்தது. பிரான்ஸ் பக்கம் போக வேண்டாம், படையைக் கிழக்கே திருப்புங்கள் என்றார். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. முதலில் பெல்ஜியம் வழியாகப் போய்ப் பிரான்ஸை வீழ்த்துவது, பிறகு ரஷ்யாவைப் பார்ப்பது என்று ரயில் ரயிலாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த திட்டம் அது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்போம் என்று 1839-இல் கையெழுத்துப் போட்ட நாடுகளில், பின்னாளில் ஜெர்மனியாக வளர்ந்த பிரஷ்யாவும் ஒன்று, பிரிட்டனும் ஒன்று. ஜெர்மனி எல்லை தாண்டியதும் பிரிட்டன் வந்தது.

கூட்டணிகள், கடற்படைப் போட்டி, காலனி ஆசை எல்லாம் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் 1911-இல் மொராக்கோவில் நெருக்கடி வந்தது, 1912-13-இல் பால்கனில் இரண்டு போர்கள் நடந்தன. அப்போதும் இவையெல்லாம் இருந்தன, உலகப்போர் மட்டும் வரவில்லை. தடுக்க நினைத்தபோது அவர்களால் தடுக்க முடிந்திருக்கிறது.

சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கிளம்பிய ஜெர்மானியர்களை அந்தச் செப்டம்பரிலேயே பிரான்ஸின் மார்ன் நதிக்கரை நிறுத்தியது. சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து கடல் வரை பதுங்குகுழி வெட்டி இரு தரப்பும் உட்கார்ந்தன. 1916 ஜூலை 1, சோம் போர்க்களம்: ஒரு வாரம் பீரங்கியால் அடித்தாயிற்று, எதிரில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று நம்பிப் பிரிட்டிஷ் படையை அனுப்பினார்கள். ஆழமான குழிகளுக்குள் பிழைத்திருந்த ஜெர்மானியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு மேலே வந்தார்கள். ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் நவம்பர் வரை அதே இடத்தில் சண்டையைத் தொடர்ந்தார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1918 நவம்பர் 11-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஜெர்மனியில் உணவைத் தடுத்த கடல் முற்றுகையை மட்டும் அடுத்த ஜூலை வரை எடுக்கவில்லை. ஜெர்மனியைத் தலைகுனிய வைத்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28, சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்து ஆண்டு. நான்கு பேரரசுகள் காணாமல் போயிருந்தன. அந்தப் பசியையும் அவமானத்தையும் ஹிட்லர் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, நமக்கு என்ன என்கிறீர்கள். பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்தார். நம்மில் யாரையும் கேட்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது, ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்தச் சொல் அப்படி வந்ததுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. கைம்மாறாக 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது, ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்.

பிரான்ஸில் நூவ் ஷப்பேல் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. கல்லறை தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.