வாசகர் கேள்வி – பதில்: லெபனான் எழுத்தாளர்கள், ஊரிலும் கடல் கடந்தும்

சென்ற இதழில் எழுத்தாளர் கலீல் ஜிப்ரானைப் பற்றி, அவர் லெபனான் மலையில் உள்ள ப்ஷர்ரி என்னும் ஊரில் 1883இல் பிறந்து 1931இல் நியூயார்க்கில் மறைந்தவர் என்ற அளவில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து கேள்விகள் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

ஜிப்ரானின் குடும்பம் ஊரை விட்டுப் போனது ஏன்? அத்தனை பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறும்படி லெபனானில் அப்படி என்ன நேர்ந்தது?
– பட்டுக்கூடு உற்பத்தி செய்யும் விவசாயி, கோபிசெட்டிபாளையம்

இந்த விடையின் பாதி தங்கள் தொழிலிலேயே இருக்கிறது. அப்போது உதுமானியப் பேரரசின் கீழ் இருந்த லெபனான் மலைப்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய முழுவதுமாகப் பட்டுத் தொழிலை நம்பிப் பிழைத்தது. மலைச்சரிவுகளில் படிப்படியாக வரப்புக் கட்டி மல்பெரி நட்டார்கள். வீட்டுப் பெண்கள் புழு வளர்த்தார்கள். நூல் பிரான்சின் லியோன் நகரத்துத் தறிகளுக்குப் போயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின் சீனப் பட்டும் ஜப்பானியப் பட்டும் மலிவாக ஐரோப்பாவை எட்டவே, லெபனானில் பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. கூட்டின் விலை இறங்கினால் ஒரு குடும்பத்தின் கணக்கு எப்படித் தலைகீழாகும் என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் குறைவு, கடன் மிகுதி, மக்கள்தொகையோ பெருகிக்கொண்டிருந்தது. இவை சேர்ந்து, 1880களிலிருந்து முதல் உலகப் போர் வரை, மலைப்பகுதி மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் அனுப்பிவைத்தன.

ஜிப்ரானின் வீட்டில் இதனுடன் வேறொரு துயரமும் சேர்ந்தது. தந்தை வரிப்பணம் கையாடிய குற்றச்சாட்டில் சிறைப்பட்டு, சொத்தும் பறிபோனது. தாய் கமீலா 1895இல் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாஸ்டன் சென்று, சரிகைப் பின்னலும் துணியும் அடங்கிய மூட்டையைச் சுமந்து வீடு வீடாக விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

மல்பெரியின் கதை அத்துடன் முடியவில்லை. தானியம் விளைய வேண்டிய நிலத்தில் மல்பெரி நின்றதால் மலைநாட்டினர் உணவுக்கு வெளியூரையே நம்பியிருந்தனர். 1915இல் வெட்டுக்கிளி படையெடுத்தது. நேச நாடுகள் கடலை முற்றுகையிட்டன. உதுமானிய இராணுவம் இருந்த தானியத்தையும் எடுத்துக்கொண்டது. 1918க்குள் அம்மலையின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். நியூயார்க்கில் அமைந்த நிவாரணக் குழுவுக்கு ஜிப்ரான் செயலாளராக இருந்து நிதி திரட்டினார். ஊரார் பசியால் சாகும்போது தாம் தொலைவில் உயிருடன் இருப்பதன் வேதனையைச் சொல்லும் ஒரு கட்டுரையும் எழுதினார். அவரை ஆறுதல் மொழிகளின் ஆசிரியராக மட்டுமே அறிந்திருக்கும் நம் வாசகர்கள் அந்தக் கட்டுரையை அவசியம் படிக்க வேண்டும்.

கைக்கோப்பு அச்சகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ‘குடி அரசு’ பிறந்த ஊர்க்காரன் என்ற முறையில் கேட்கிறேன்: லெபனானியருக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவு எத்தகையது?
– ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், ஈரோடு

லெபனானில் எழுத்தாளர் வேறு, பத்திரிகையாளர் வேறு என்று பிரித்துப் பார்க்கவே இயலாது. 1860இல் மலைநாட்டில் மதக்கலவரம் வெடித்து ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, பெய்ரூட்டில் புத்ருஸ் அல்-புஸ்தானி ஒரு சிறு தாளை அச்சிட்டு, மதம் கடந்து நாட்டவர் ஒன்றாக வாழ வேண்டும் என்று எழுதினார். அவரே பிற்காலத்தில் அரபு மொழிக்கு அகராதியும் கலைக்களஞ்சியமும் உருவாக்கத் தொடங்கியவர். எகிப்தின் புகழ்பெற்ற நாளேடான ‘அல்-அஹ்ராம்’, கஃபர்ஷீமா என்னும் லெபனான் ஊரிலிருந்து சென்ற தக்லா சகோதரர்கள் 1875இல் அலெக்சாந்திரியாவில் நிறுவியது. கெய்ரோவின் ‘அல்-ஹிலால்’ மாத இதழை 1892இல் தொடங்கியவர் பெய்ரூட்டில் பிறந்த ஜுர்ஜி ஸைதான். தம் சரித்திர நாவல்களை அதிலேயே தொடராக எழுதினார். உதுமானியத் தணிக்கைக்கு அஞ்சிக் கெய்ரோ சென்றவர்கள் அங்கே அரபு இதழியலுக்கே அடித்தளம் இட்டார்கள்.

தங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய செய்தி நியூயார்க்கில் இருக்கிறது. நவும் முகர்ஸல் 1898இல் தொடங்கிய ‘அல்-ஹுதா’ என்னும் அரபு இதழுக்கு அச்சுக்கோப்பதே பெரும் பாடாக இருந்தது. அரபு எழுத்து, சொல்லின் முதலில் வரும்போது ஒரு வடிவமும், இடையில் வேறொன்றும், கடைசியில் இன்னொன்றும் கொள்ளும். கேஸில், அதாவது அச்செழுத்துப் பெட்டியில், நம் உயிர்மெய் எழுத்துகளைத் தேடிப் பொறுக்கிய தங்கள் விரல்களுக்கு அந்தச் சிரமம் புரியும். விசைகளைத் தட்டி வரிவரியாக எழுத்து வார்க்கும், ஆங்கிலத்துக்கென்று செய்த லைனோடைப் இயந்திரத்தின் விசைப்பலகையில் அத்தனை வடிவங்களும் அடங்கா. நவுமின் தம்பி சல்லூம் முகர்ஸல், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், எழுத்து வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைத்து அமைத்து அந்த இயந்திரத்தை அரபுக்கு ஏற்றதாக்கினார். அதன்பின் அரபு நாளிதழ்களை விரைந்து அச்சிட வழி பிறந்தது. புலம்பெயர்ந்தோர் தாய்மொழிக்குச் செய்த தொண்டுகளில் இதை ஒரு கவிதைத் தொகுதிக்குச் சற்றும் குறைந்ததாக நான் கருதவில்லை.

அந்நகரத்து அரபு இதழ்களில் எழுதியவர்களே 1920இல் ஜிப்ரானைத் தலைவராகக் கொண்டு எழுதுகோல் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதன் செயலாளரான மிகாயில் நுஐமா, ஜிப்ரான் மறைந்த மறு ஆண்டே தம் சொந்த ஊரான பஸ்கிந்தாவுக்குத் திரும்பி, 1988இல் மறையும் வரை தாய்நாட்டிலேயே இருந்து எழுதினார்.

இதழியல் மாணவி நான். லெபனானில் பத்திரிகையாளராக இருப்பது அவ்வளவு ஆபத்தானதா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

ஆம், மகளே. 1916 மே 6 அன்று உதுமானிய ஆளுநர் ஜமால் பாஷா பெய்ரூட்டிலும் தமாஸ்கஸிலும் தூக்கிலிட்டவர்களுள் இதழாசிரியர்கள் பலர் இருந்தனர். அந்த நாளை லெபனான் இன்றும் நினைவுகூர்கிறது. ‘அல்-ஹயாத்’ நாளேட்டின் நிறுவனர் காமில் முரூவா 1966இல் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ‘அல்-ஹவாதிஸ்’ ஆசிரியர் சலீம் அல்-லவ்ஸி மிரட்டலுக்கு அஞ்சித் தம் வார இதழை லண்டனுக்கு மாற்றியிருந்தவர். தாயின் இறுதிச் சடங்குக்காக 1980இல் ஊர் வந்து, விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில் கடத்தப்பட்டார். சில நாள்களுக்குப் பின் சடலம் கிடைத்தபோது, அவர் எழுதிய கை அமிலத்தால் சிதைக்கப்பட்டிருந்தது. கடல் கடந்து சென்றவருக்கும் பாதுகாப்பு முழுமையாக இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

2005ஆம் ஆண்டு மிகக் கொடியது. வரலாற்றாசிரியரும் ‘அன்-நஹார்’ நாளேட்டின் பத்தி எழுத்தாளருமான சமீர் கஸீர் ஜூன் 2 அன்று காரில் வைத்த குண்டுக்குப் பலியானார். செப்டம்பரில் தொலைக்காட்சிச் செய்தியாளர் மே ஷித்யாக் இடது கையையும் இடது காலையும் இழந்தார். டிசம்பர் 12 அன்று ‘அன்-நஹார்’ வெளியீட்டாளர் ஜுப்ரான் துவைனி கொல்லப்பட்டார். அவருடைய தந்தையும் முதுபெரும் இதழாசிரியருமான கஸ்ஸான் துவைனி, மகனின் இறுதிச் சடங்கில், மகனோடு பகையையும் வஞ்சத்தையும் சேர்த்துப் புதைத்துவிடுமாறு கூடியிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார்.

அண்மைக் காலத்தையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். 2023 அக்டோபர் 13 அன்று, தெற்கு எல்லையில் அல்மா அல்-ஷாப் ஊருக்கு அருகே, ‘பத்திரிகை’ என்று எழுதிய உடுப்பும் தலைக்கவசமும் அணிந்து, திறந்த வெளியில் நின்று நேரலை எடுத்துக்கொண்டிருந்த செய்தியாளர் குழுவின்மீது இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து விழுந்தன. ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் இஸாம் அப்துல்லா அங்கேயே உயிரிழந்தார்; மேலும் ஆறு பேர் காயமுற்றனர். குண்டுகள் இஸ்ரேலியப் பீரங்கி வண்டியிலிருந்து வந்தவை என்று ராய்ட்டர்ஸின் விசாரணை கண்டது. அதில் ஒரு காலை இழந்த ஏ.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் கிறிஸ்டினா ஆஸி, 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தீபத்தைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கொல்லப்பட்ட செய்தியாளர்களின் நினைவாக ஏந்திச் சென்றார்.

குண்டுகளுக்குத் தப்பிய நாளேடுகளைப் பணமுடை வீழ்த்தியது. 1974இல் தொடங்கிய ‘அஸ்-ஸஃபீர்’ 2016இன் கடைசி நாளோடு நின்றது. ஆங்கில நாளேடான ‘டெய்லி ஸ்டார்’ 2021இல் மூடப்பட்டது.

அரபு அல்லாத மொழிகளில் எழுதும் லெபனானியர் உண்டா?
– வாசகர், திருப்பூர்

பலர் உண்டு. அமீன் மாலூஃப் ‘அன்-நஹார்’ செய்தியாளராக இருந்தவர். 1975இல் உள்நாட்டுப் போர் மூண்ட மறு ஆண்டு பாரிஸ் சென்று பிரெஞ்சில் எழுதத் தொடங்கி, 1993இல் பிரான்சின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றார். 2023 முதல் பிரெஞ்சு அகாதெமியின் நிரந்தரச் செயலாளராக இருக்கிறார். மொன்ட்ரியாலில் வாழும் ராவி ஹாஜ், போர்க்காலப் பெய்ரூட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலுக்காக 2008இல் டப்ளின் இலக்கியப் பரிசு பெற்றார்.

எங்கள் ஊரிலும் பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெற்றோர் மட்டும் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். ஜிப்ரானை அடுத்து யாரைப் படிக்கலாம்?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

எமிலி நஸ்ரல்லாவைப் படியுங்கள், அம்மா. தென் லெபனானின் கிராமத்தில் வளர்ந்து, பெய்ரூட்டில் பத்திரிகையாளராகப் பணியாற்றி, உடன்பிறந்தோர் கனடா சென்ற பின்னும் போர்க்காலம் முழுவதும் நாட்டை விட்டு நகராதவர் அவர். 1962இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான ‘செப்டம்பர் பறவைகள்’, வெளிநாடு சென்றவர்களைக் காட்டிலும், அவர்கள் விட்டுச் சென்ற தாய்மார்களையும் பெண்களையும் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. போனவர்களின் எழுத்தையே நாம் மிகுதியாகப் படித்து வந்திருக்கிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அதனால்தான் அவரை முதலில் சொல்கிறேன்.

அவருக்குப் பின் இலியாஸ் கூரி. ‘அன்-நஹார்’ பண்பாட்டு இணைப்பிதழை 1992 முதல் 2009 வரை நடத்தியவர்; 2024 செப்டம்பரில் மறைந்தார். அகதி முகாம்களில் பாலஸ்தீனியர் சொன்ன கதைகளைக் கேட்டுத் தொகுத்து அவர் எழுதிய ‘சூரியனின் வாசல்’ பெரிய நாவல். பொறுமையாகப் படிக்க வேண்டியது. அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்பினால், அமெரிக்காவில் பிறந்த செய்தியாளர் அந்தோணி ஷாதித், தென் லெபனானின் மர்ஜயூன் ஊரில் பாழடைந்து கிடந்த தம் கொள்ளுத்தாத்தா வீட்டைத் திரும்பக் கட்டியதைச் சொல்லும் நூல் பொருத்தமாக இருக்கும். அது 2012இல் வெளிவந்தது.