பூச்சி அரித்த கிராமபோன் தட்டு

கேள்வி: தாத்தா வைத்திருந்த எச்எம்வி 102 பெட்டி கிராமபோன் இப்போது என்னிடம் இருக்கிறது. இசைத்தட்டை வைத்துச் சுழலும் தட்டின் மேலுள்ள துணியைப் பூச்சி அரித்துவிட்டது. பெட்டி மூலைகளில் கறுப்பு ரெக்சின் பிரிந்து நிற்கிறது. பை தைப்பவர் ஒருவர், எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தட்டுத் துணியை மாற்றலாம். ரெக்சினை உரிக்க விடாதீர்கள்.

102 மாடல் 1931இல் வந்தது. அந்தக் காலத்து ரெக்சின் பெரும்பாலும் பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. இன்று கடையில் கிடைப்பது பிவிசி. மினுமினுப்பே காட்டிக்கொடுத்துவிடும், மடிப்பும் அதேபோல் படியாது. பழையதை உரித்தால் அதே சரக்கு திரும்பக் கிடைக்காது. அதனால் பிரிந்த இடத்தை மட்டும் ஒட்டுங்கள். அடியில் சேர்ந்த தூசியைச் சின்னத் தூரிகையால் எடுத்துவிட்டு, கெட்டியான மைதா பசையை மெல்லியதாகத் தடவி, துணி சுற்றிய கட்டையால் அழுத்தி ஒரு நாள் விடுங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். இங்கே வேண்டாம், இரும்பு ஆணியும் மூலைத்தகடும் பக்கத்திலேயே இருக்கின்றன, துத்தம் அவற்றை அரிக்கும். அழுக்கைத் துடைக்க தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ எடுத்தீர்களானால் பூச்சே கரைந்து கையோடு வந்துவிடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். வெளுத்த மூலைகளுக்குக் கொஞ்சம் கறுப்பு ஷூ பாலிஷ், முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தில் தடவிப் பார்த்துவிட்டு.

இப்போது தட்டு. ஸ்பிரிங் முழுதும் ஓடி ஓயட்டும், அதற்குமுன் தட்டைக் கழற்ற வேண்டாம். தண்டில் க்ளிப் இருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் தட்டு வளைந்துவிடும், அப்புறம் இசைத்தட்டு ஏறி இறங்கித்தான் ஓடும்.

பழைய துணியைக் கிழிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். மேலே தெரிவது வெளுத்த நிறம், அதை நம்பிப் புதுத்துணி வாங்காதீர்கள். வெளிச்சம் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கேதான் அசல் நிறம். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, உள்ளங்கை அளவு துண்டை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். துணி விளிம்போடு நிற்கிறதா, மடிந்து இறங்குகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கவரில் புழு இருக்கலாம். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து அறைச் சூடு வந்தபிறகே திறங்கள்.

வாங்க வேண்டியது கம்பளி ஃபெல்ட், அதாவது நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணி. கைவினைக் கடையில் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். ஓரத்தில் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல் திரளும். ஆர்மோனியம் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள், கட்டைகளுக்கு அடியில் போடும் ஃபெல்ட் அவரிடம் இருக்கும். பழையதைவிடத் தடிமனாக வாங்காதீர்கள்.

பசைக்குத் தச்சர்கள் உபயோகிக்கும் வஜ்ஜிரம் சிறந்தது, நாளைக்கு வேறொருவர் கழற்ற நினைத்தால் வெந்நீரில் இளகும். என் முதல் பெட்டிக்கு நான் ஸ்பிரே பசை அடித்தேன். ஃபெல்ட் முழுக்கக் கறை ஊறி, அந்தத் தட்டு இன்றும் எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் மாதிரி இருக்கிறது. வஜ்ஜிரத்தைத் தகட்டின்மேல் மெல்லியதாகப் பூசுங்கள், துணியில் தடவ வேண்டாம். விளிம்போடு நிற்கிற வகை என்றால் ஃபெல்ட்டை அரை அங்குலம் கூடுதலாக வெட்டி ஒட்டி, காய்ந்தபின் புது பிளேடால் ஓரம் கழியுங்கள். நடுத்துளையைக் கடைசியில் போடுங்கள். மடிந்து இறங்குகிற வகைக்கு முதலில் பழைய துணியையே அளவு அட்டையாக வைத்து வெட்டிக்கொள்ள வேண்டும்.