மேலாளர் பக்கத்தில் நின்றால்…

அன்புள்ள சார்,

திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். இப்போது கும்பகோணத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை. கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஆங்கிலத்தில் எப்படியோ பேசிச் சமாளித்துவிடுகிறேன். சென்னையிலிருந்து மேலாளர் வந்து பக்கத்தில் நின்றால் மட்டும் வாயே திறக்க மாட்டேன் என்கிறது. ‘தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்தில் யோசி’ என்றார்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில். அப்படி முயன்றால் ஒன்றுமே தோன்றவில்லை. எனக்குத் திறமை இல்லையா சார்?

ம.

அன்புள்ள ம.,

பிரெஞ்சுக்காரருக்கு தாராசுரம் போக வழி சொல்லி, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றும் சொல்லி அனுப்புகிற உங்களுக்கா ஆங்கிலம் வராது? மேலாளர் வந்ததும் அது எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. வெட்கம் குறுக்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நம்மில் பலருக்குப் பயம் வெள்ளைக்காரரிடம் இல்லை, ஆங்கிலம் தெரிந்த தமிழரிடம். அந்தப் பிரெஞ்சுக்காரருக்கும் அது கற்றுக்கொண்ட மொழிதான். அவருக்கு வேண்டியது வழி. நம்மவர் முன்னால் ஒரு ‘இஸ்’ தவறினால் எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை என்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடுமோ என்று கூசிப்போகிறோம்.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் வேற்றுமொழி படிக்கிற மாணவர்களின் பதற்றத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்து 1986-இல் வெளியிட்டார்கள். ‘நான் பேசினால் கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்களோ என்று பயம்’ என்பது அதில் ஒன்று. ‘அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் நடுவே எனக்குச் சங்கடம் இருக்காது’ என்பது அடுத்தது. உங்கள் கடிதம் கிட்டத்தட்ட இந்த இரண்டும்தான்.

மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் சொன்ன ஒன்றும் இங்கே பொருந்தும். அவருடைய கோட்பாட்டோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய, அது இருக்கட்டும். படித்த இலக்கணம் பேசும்போது ஒரு மேற்பார்வையாளர் போல உள்ளே நின்று திருத்தும். அதற்கு அவகாசம் வேண்டும், அளவுக்கு மீறினால் பேச்சு தடுமாறும் என்றார். வரப்பில் காரியக்காரர் நின்று ஒவ்வொரு நாற்றாகக் குறை சொன்னால் நடவு எத்தனை மணிக்கு முடியும்? உங்களுக்கு வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் என்று இரண்டு காரியக்காரர்கள்.

தமிழில் யோசிப்பதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ‘பத்தாம் நம்பர் ரூம்காரங்க நேத்து ராத்திரியே…’ என்று ஆரம்பித்து, காலி செய்தார்களா, காலி செய்யவில்லையா என்பதை நாம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஆளைச் சொன்ன கையோடு வினையையும் காலத்தையும் முடிவு செய்தாக வேண்டும். மனசு நிதானமாக இருந்தால் இது தானாக நடந்துவிடும். ‘இவர் என்ன நினைப்பாரோ’ என்ற கவலை உள்ளே வந்தால், வாக்கியத்தைக் கட்ட வேண்டிய கவனத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். அந்த நேரத்தில் யோசிக்கிற மொழியையும் மாற்று என்றால் எப்படி?

கும்பகோணத்தில் ஆங்கிலம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒரு பெரியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை இழுத்துவந்துவிடுவார். ‘வெள்ளி நாக்கு’ப் பேச்சாளர் என்று பேர் வாங்கியவர்தான். ஆனால் அவர் ஏறியது மேடையில், நீங்கள் நிற்பது மேசைக்குப் பின்னால். சாவி, வெந்நீர், பில், கார், காலை டிபன் என்று உங்கள் மேசையில் பேச்சு சுற்றிச்சுற்றி இதற்குள்தான் வரும். ‘யுவர் ரூம் வில் பி ரெடி இன் டென் மினிட்ஸ்’ மாதிரி முழு வாக்கியங்களாகப் பழகிக்கொள்ளுங்கள், வாய்விட்டு. பிரித்து இலக்கணம் பார்க்க வேண்டாம். நாக்குக்குப் பழகிய வாக்கியத்தைப் பதற்றம் அவ்வளவு எளிதில் குலைக்காது.

அப்புறம், கூட வேலை பார்க்கிற ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு விருந்தினரிடம் பேசிப் பாருங்கள். உங்களுக்குப் பழக வேண்டியது, நம்மவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசுவது. அடுத்த தடவை மேலாளர் வந்ததும் அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எத்தனை அறை நிரம்பியிருக்கிறது என்பதை நீங்களே முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள். நடுவில் சிக்கினால் மிச்சத்தைத் தமிழில் முடியுங்கள், அவருக்கும் தமிழ் தெரியும்.

வகுப்புக்கு அடுத்த தவணைப் பணம் இன்னும் கட்டவில்லை என்றால், இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.