'டீ பிரமாதமா போடுவாங்க'

மேடம், எனக்கு வயது 43. கணவரும் நானும் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. இன்று அவர் நாலு பேருக்குத் தெரிந்த ஓவியர். கான்வாஸைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, வெள்ளை பூசுவது, முடிந்த படங்களை கேட்லாக்குக்கு போட்டோ எடுப்பது எல்லாம் நான். நான் வரைந்து 11 வருஷம் ஆகிறது. போன மாதம் கண்காட்சித் திறப்பில் "என் மிஸஸ், டீ பிரமாதமா போடுவாங்க" என்று அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கேட்லாக்கைப் புரட்டினால் 32 போட்டோவும் நான் எடுத்தது, பிரேம் போட்டவர் பெயர்கூட இருக்கிறது, என் பெயர் இல்லை. அன்று ராத்திரி பிக்காசோவோடு இருந்த டோரா மாரைப் பற்றிப் படித்துவிட்டுத் தூங்கவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை மேடம். நான்தான் அற்பமாக யோசிக்கிறேனா?

பதில்:

அன்புள்ள தோழி, இதில் அற்பம் எதுவும் இல்லை. டோரா மாரை பிக்காசோவின் 'அழும் பெண்' ஓவியத்தின் முகமாகத்தான் பலருக்கும் தெரியும். ஆனால் பிக்காசோவைச் சந்திக்கும் முன்பே பாரிஸில் பெயர் எடுத்த போட்டோகிராபர் அவர். பிக்காசோவின் ஏழே முக்கால் மீட்டர் நீள ஓவியமான குவர்னிகா, 1937இல் எப்படிப் படிப்படியாக மாறியது என்று நாம் இன்று பார்க்க முடிவதே அவர் கேமராவால்தான். பாரிஸ் பொம்பிதூ மையத்தில் அவருக்கென்று பெரிய கண்காட்சி வைத்தது 2019இல், அவர் இறந்து 22 வருஷம் கழித்து. நீங்கள் அவ்வளவு நாள் பொறுக்க வேண்டாம்.

பிக்காசோவோடு வாழ்ந்த இன்னொரு ஓவியர் பிரான்சுவாஸ் ஜிலோவைப் பற்றியும் படித்திருப்பீர்கள். 1953இல் இரண்டு குழந்தைகளோடு பிக்காசோவை விட்டுப் போனதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அவரோடு இருந்த காலத்திலும், பிள்ளைகள் பிறந்த பிறகும், ஜிலோ தூரிகையைக் கீழே வைக்கவில்லை. (2023இல் 101 வயதில் இறந்தபோதும் பல செய்தித் தலைப்புகளில் பிக்காசோ பெயர் இருந்தது, அது தனி எரிச்சல்.)

உங்களுக்கு இருப்பது இரண்டு வலி, ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். பெயர் விஷயத்தை அவரிடம் நேராகக் கேளுங்கள், சண்டை நடுவில் வேண்டாம், காலை காபி நேரத்தில், "போட்டோ என்று போட்டு என் பெயர் வரணும்" என்று. கெட்டவர் இல்லை என்கிறீர்களே, அப்படியானால் அந்த டீ பேச்சு வலித்ததையும் சொல்லலாம். மழுப்பினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது பேச வேண்டியது வேறு.

இரண்டாவது வலி, நீங்கள் வரையாத அந்த 11 வருஷம். அதை அவர் திருப்பிக் கொடுக்க முடியாது, நீங்களேதான் தொடங்க வேண்டும். அடுத்து நீங்கள் சட்டத்தில் இழுக்கும் கான்வாஸில் சின்னதாக ஒன்றை உங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். முதல் மாதம் யாருக்கும் காட்ட வேண்டாம், அவருக்கும்தான். தூக்கமின்மை தொடர்ந்தால் நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், அடுத்த கேட்லாக் எப்போது அச்சுக்குப் போகிறது? அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.