மகன் கிக்கர் ஆகலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது, பதினோராம் வகுப்பு. ஆறு வயதிலிருந்து சாக்கர் (நம்ம ஊர் கால்பந்து) ஆடுகிறான். அவன் பந்து உதைப்பதைப் பார்த்த பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் கோச், "எங்களுக்குக் கிக்கராக வா" என்று கூப்பிட்டிருக்கிறார். அன்றிலிருந்து இவனுக்குத் தலைகால் புரியவில்லை, என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மைத் தொழில்முறை லீக்) வரை போவேன் என்கிறான். அடிபடாதா? படிப்பு என்னாகும்? கோடைக்கால கேம்ப்புக்கு நிறையக் காசு கேட்கிறார்கள், கட்டலாமா? உண்மையில் இது ஒரு தொழில்தானா?

பதில்:

தொழில்தான். சம்பளமும் நல்ல சம்பளம். ஆனால் மொத்தமே 32 நாற்காலி. என்எஃப்எல்லில் 32 அணிகள், அணிக்கு ஒரு கிக்கர், அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர், அவ்வளவுதான். மற்ற இடங்களுக்கு அணிக்குள்ளேயே இரண்டாவது, மூன்றாவது ஆள் காத்திருப்பார். கிக்கருக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் கிடையாது. உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். நன்றாக உதைக்கிறவர் லேசில் எழுந்திருக்கவும் மாட்டார். ஆடம் வினட்டியேரி 1996இல் வந்து 2019 வரை, அதாவது 46 வயது வரை உதைத்தார். சேர்த்த புள்ளிகள் 2,673. என்எஃப்எல் வரலாற்றில் வேறு யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. இத்தனைக்கும் அவரைக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை.

இதைப் படித்ததும் "அப்படியானால் வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் வேலை என்ன என்று பார்ப்போம்.

பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது டச்டவுன். அதை எடுத்ததும் உதைக்கிற எக்ஸ்ட்ரா பாயின்ட்டுக்கு 1 புள்ளி. டச்டவுன் வராது என்று தெரிந்துவிட்டால் இருந்த இடத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற ஃபீல்ட் கோலுக்கு 3. அப்புறம் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிக்ஆஃப். டிவியில் பந்து 30ஆவது யார்டு கோட்டில் இருக்கும், வர்ணனையாளரோ 47 யார்டு உதை என்பார். பார்க்கும் பெற்றோர் பலருக்கும் இது குழப்பம். கம்பம் கோல் கோட்டுக்கு 10 யார்டு பின்னால் நிற்கிறது. பந்தை ஏழு யார்டு பின்னுக்கு எறிந்து, அங்கே வைத்து உதைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், 47 வரும்.

இதில் கால் பலம் பாதிதான். லாங் ஸ்னாப்பர் குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் வீசுவார், இதுதான் ஸ்னாப். ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்தி, மேல் முனையை ஒற்றை விரலால் தாங்கியபடி, தையல் கயிறு கம்பத்தைப் பார்க்குமாறு திருப்பிவிடுவார். கயிறு கிக்கர் பக்கம் இருந்துவிட்டால் பந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் கிக்கர் ஓடி வந்திருப்பார். பந்து கிளம்பியதிலிருந்து கால் படும் வரை சுமார் 1.3 விநாடி. இது கொஞ்சம் நீண்டால் எதிரணியின் கை குறுக்கே வந்துவிடும்.

சாக்கர் ஆடியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நான் பள்ளி அணியில் கிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். என்னிடம் வந்த சாக்கர் பையன் ஒருவன் முதல் நாள் தனியாக நின்று 45 யார்டைச் சிரித்துக்கொண்டே தாண்டினான். அவன் அப்பா வீடியோ எடுத்தார். மறுநாள் முன்னால் ஆட்களை நிறுத்தி, ஸ்னாப் போட்டு உதைக்கச் சொன்னோம். முதல் மூன்று பந்தும் சொந்த அணிக்காரர்களின் முதுகில் போய் அடித்தன. அப்பா போனைப் பைக்குள் வைத்துவிட்டார். சாக்கரில் பந்தைத் தாழ்வாக, வளைத்து அடிப்பது திறமை. இங்கே அதுவே வினை. பந்து கிளம்பிய உடனே எழும்ப வேண்டும், வளையாமல் போக வேண்டும். பாதத்தின் மேலே இருக்கும் கடினமான எலும்பு பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே பட வேண்டும். அந்தப் பையன் அடுத்த இரண்டு மாதம் பந்தைத் தொட்டதைவிட அடி அளந்ததுதான் அதிகம்: மூன்று காலடி பின்னால், இரண்டு காலடி பக்கவாட்டில், நில், மூச்சு விடு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கப் பழகிய பிறகு பந்து தானாக எழும்ப ஆரம்பித்தது.

உங்கள் மகன் சாக்கரிலிருந்து வருவது குறையும் இல்லை. இன்று எல்லோரும் உதைக்கும் முறையே சாக்கர்காரர்கள் கொண்டுவந்ததுதான். அதற்கு முன் நேராக ஓடிவந்து கால் நுனியால் இடிப்பார்கள். ஹங்கேரியிலிருந்து குடும்பத்தோடு வந்த பீட் கோகோலாக் 1964இல் பஃபலோ பில்ஸ் அணியில் பக்கவாட்டிலிருந்து உதைத்துக் காட்டினார். நார்வேயின் யான் ஸ்டெனெருட் அமெரிக்கா வந்தது பனிச்சறுக்குத் தாண்டல் ஸ்காலர்ஷிப்பில்! 1977இல் டென்மார்க்கிலிருந்து பரிமாற்ற மாணவராக இண்டியானாபொலிஸ் வந்த மார்ட்டன் ஆண்டர்சன் அதுவரை இந்தப் பந்தை உதைத்ததே இல்லை. பிறகு 382 ஆட்டங்கள் ஆடினார். ஸ்டெனெருட், ஆண்டர்சன் இருவருமே இன்று ஃபுட்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து பழகிய இடம் இது.

உங்கள் மாநிலத்திலேயே ஒருவர் உண்டு. யங்கே கூ, கொரியாவில் பிறந்து ஆறாம் வகுப்பில் நியூ ஜெர்சி வந்தவர், ரிட்ஜ்வுட் பள்ளியில் படித்தவர். அவர் கதையில் இந்தத் தொழில் முழுவதும் இருக்கிறது. 2017இல் சார்ஜர்ஸ் அணியில் சேர்ந்தார், நான்கே ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். 2019இல் புதிதாகத் தொடங்கிய சிறிய லீக் ஒன்றில் ஆடினார், அந்த லீகே பாதி சீசனில் இழுத்து மூடப்பட்டது. அதே வருடம் அட்லாண்டா ஃபால்கன்ஸ் கூப்பிட்டது. 2020இல் 144 புள்ளிகள் எடுத்தார். 2022இல் ஐந்து வருடத்துக்கு 2.425 கோடி டாலர் ஒப்பந்தம். 2025 செப்டம்பரில் அதே அணி விடுவித்துவிட்டது.

ஏறினாலும் இறங்கினாலும் இப்படித்தான். செவ்வாய்க்கிழமைகளில் அணிகள் வேலையில்லாத கிக்கர்களைக் கூப்பிட்டு உதைத்துக் காட்டச் சொல்வது வழக்கம். இருக்கிறவருக்குத் தகவல் போகத்தான் செய்யும். 2016இல் டம்பா பே அணி ராபர்ட்டோ அகுவாயோவை டிராஃப்டின் இரண்டாம் சுற்றிலேயே எடுத்தது, கிக்கருக்கு இது அபூர்வம். 31 ஃபீல்ட் கோலில் 9 தவறின. அடுத்த சீசன் தொடங்கும் முன் வெளியே. 1991 சூப்பர் பவுலில் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) பஃபலோவின் ஸ்காட் நார்வுட் கடைசி விநாடிகளில் உதைத்த 47 யார்டு பந்து வலப்பக்கம் விலகிப் போனது, 20-19 என்று தோற்றார்கள். முப்பது வருடம் தாண்டியும் அவர் பெயரைச் சொன்னால் அந்த ஒரு உதைதான் பேச்சு. உங்கள் மகன் பரீட்சையில் ஒரு கேள்வி தப்பினால் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கால் பலத்தைவிட நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் என்எஃப்எல் புதுமுகத்துக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். ஆனால் அது முழு சீசன் இருந்தால். இரண்டு வாரத்தில் அனுப்பினால் இரண்டு வாரக் காசு. பயிற்சி அணியில் வாரத்துக்கு 13,000 டாலரிலிருந்து. உச்சியில் இருப்பவர்கள் கதை வேறு: 2024இல் கான்சாஸ் சிட்டியின் ஹாரிசன் பட்கர் நான்கு வருடத்துக்கு 2.56 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார்.

இப்போது படிப்பு. நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். மற்ற இடங்களில் ஆடும் பையன் 22 வயதில் உள்ளே போகவில்லை என்றால் கதை ஏறக்குறைய முடிந்தது. கிக்கருக்கு அப்படி இல்லை. பிராண்டன் ஆப்ரியைப் பாருங்கள். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் சாக்கர் ஆடியவர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்குப் போனவர் (நம் வீடுகளில் இந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை). நடுவில் தொழில்முறை சாக்கரில் முயன்றார், நிலைக்கவில்லை. 2019இல் ஒருநாள் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி, இதை உன்னாலும் செய்ய முடியுமே என்றார். வேலையை விடாமல் பயிற்சி எடுத்தார். 2022, 2023 இரண்டு வருடம் யுஎஸ்எஃப்எல் என்ற சிறிய லீகில் ஆடினார். 2023இல், 28 வயதில், டல்லாஸ் கௌபாய்ஸின் கிக்கர் ஆனார். முதல் 35 ஃபீல்ட் கோலும் தவறவில்லை, அது சாதனை.

இதற்காக 16 வயதில் கணக்குப் பாடத்தைத் தள்ளிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அதற்கப்புறமும் முயலக்கூடிய அபூர்வமான ஃபுட்பால் வேலை இது. படிப்பை விட்டுத்தான் இதைப் பிடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

அடிபடுமா? மற்றவர்களைவிட மிகக் குறைவு. உதைத்து முடித்த கிக்கரை மோதிச் சாய்த்தால் 15 யார்டு தண்டனை, அதனால் எதிரணியே ஜாக்கிரதையாக இருக்கும். ஆபத்து கிக்ஆஃபில்தான். எல்லோரையும் தாண்டிப் பந்தோடு ஓடிவருகிறவனைக் கடைசியாக மறிக்க வேண்டியவன் கிக்கர். தலையைக் குனியாமல் பிடித்துச் சாய்ப்பது எப்படி என்று கோச் சொல்லிக்கொடுத்த பிறகே கிக்ஆஃபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட அதிகம் படுத்துவது தொடையும் இடுப்புத் தசையும், ஆர்வக் கோளாறில் தினமும் நூறு பந்து உதைப்பதால். வாரம் மூன்று நாள், நாளுக்கு நாற்பது உதை போதும் என்பது என் கணக்கு.

ஒரு நடைமுறைச் சிக்கல்: உங்கள் ஊரில் பள்ளி சாக்கரும் ஃபுட்பாலும் ஒரே இலையுதிர் பருவத்தில் வருகின்றன. இரண்டையும் ஆட விடுவார்களா என்பதை இரண்டு கோச்களையும் ஒன்றாக வைத்துப் பேசிவிடுங்கள். மகன் மூலமாகத் தூது விடாதீர்கள்.

கேம்ப் விஷயத்தில் அவசரம் வேண்டாம். நட்சத்திரம் போட்டுத் தரவரிசை கொடுக்கும் கேம்ப்களைக் கல்லூரி கோச்கள் கவனிப்பது உண்மைதான். ஆனால் முதல் சீசனே ஆடாத பையனுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு சீசன் பள்ளிக்கு உதைக்கட்டும், எல்லா உதையையும் வெட்டாமல் படம் எடுத்து வையுங்கள், தவறியதையும் சேர்த்து. அதற்குப் பிறகு ஒரே ஒரு கேம்ப். பயிற்சியில் இப்போதிருந்தே பந்தைத் தரையில் வைத்து உதைக்கட்டும். பள்ளி ஆட்டத்தில் பந்தை வைக்க 2 அங்குல மேடை அனுமதி உண்டு, கல்லூரியில் ஃபீல்ட் கோலுக்கு அது கிடையாது. கம்ப இடைவெளியும் பள்ளியில் 23 அடி 4 அங்குலம், கல்லூரியில் 18 அடி 6 அங்குலம். பள்ளியில் ஓரமாக உரசி உள்ளே போகிற பந்து அங்கே வெளியே போகும்.

ஸ்காலர்ஷிப்பை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்து, பிறகு இடம் பிடித்த கிக்கர்கள்தான் நிறைய. ஆனால் மதிப்பெண் நன்றாக இருந்தால், அட்மிஷனில் இது கை கொடுக்கலாம். கார்னெல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஆனால் அவர்களுக்கும் கிக்கர் வேண்டும். மேலே சொன்ன கோகோலாக் கார்னெல்லில் படித்தவர்தான்.

கோச்சைப் பார்க்கப் போகும்போது சம்பளம், என்எஃப்எல் எல்லாம் கேட்காதீர்கள். லாங் ஸ்னாப்பர் யார், ஹோல்டர் யார், இவனோடு சேர்ந்து வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி செய்வார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் சீசன் தொடங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், இந்த வருடம் சாக்கரே ஆடட்டும்.